செம்பூரில் ஏறிய மலை

ஐம்பத்தேழு வருஷம் மலையடிவாரத்தில் குடியிருந்துவிட்டு, மலை பார்ப்பதற்காக மும்பைக்கு ரயில் ஏறிய ஆள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடையத்தில் எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசுக்குப் போய் வந்தேன். ஏறியதில்லை. இதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தப் பயணத்தில் பட்ட அவஸ்தை முழுவதற்கும் அதுதான் காரணம்.

கூப்பிட்டது என் தம்பி முத்து. அவனுக்கு இரண்டு வயதாகும்போது அப்பா வேலைக்காக மும்பை போனார். அம்மாவும் அவனும் கூடப் போனார்கள். நான் படிப்புக்காக அத்தை வீட்டில் தங்கிவிட்டேன். அவன் தாராவியிலேயே வளர்ந்து, அங்கேயே ஃபைபர் பட்டறை வைத்து, விநாயகர் சதுர்த்திப் பந்தல்களுக்குக் குகையும் கோட்டையும் கைலாசமும் செய்துகொண்டிருந்தான். ஊருக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் இரண்டு நாள். பந்தலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே அவன் பார்த்ததுதான் எங்கள் ஊர்.

அவனுக்குத்தான் அந்த வேலை கிடைத்தது. செம்பூரில் ஒரு பழைய கிடங்கை எடுத்து, மலைகளையும் அங்கே வாழும் உயிர்களையும் பற்றி ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கட்டுகிறார்கள். ‘தொடாதே’ என்று எங்கேயும் பலகை கிடையாது. எல்லாமே தொடவும் அழுத்தவும் திருகவும் ஏறவும் செய்ததுதான். அதில் தென்னாட்டு மலைக்கான கூடத்தை முத்து எட்டு மாதமாகச் செய்திருந்தான். சனிக்கிழமை இரண்டு நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டிவிட்டால் அடுத்த கூடமான பனிமலையும் அவனுக்கே.

“அது கெடச்சா பட்டறையில உள்ள பதினாலு பேருக்கும் ரெண்டு வருஷம் வேல இருக்கும்க்கா” என்றான் போனில். “நீ வந்து ஒரு தடவ பாத்து, பராபர், சரியா இருக்குன்னு சொல்லிரு. நம்ம வீட்டுல மலையத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான.”

எட்டு மாதமாக அவன் கேட்ட படங்களை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பியது நான்தான். பாறை, பாசி, வேர், பெரணி. எல்லாம் எங்கள் ஊருக்கு வெளியே உள்ள சின்ன முருகன் குன்றில் எடுத்தவை. குன்றுக்குப் பின்னால் இருக்கிற நிஜ மலைக்கு நான் போனதில்லை என்று அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

புதன்கிழமை தாதரில் இறங்கினேன். முத்துவின் மனைவி செல்வி வந்து அழைத்துப் போனாள். கீழே பட்டறை, மேலே வீடு. நடுவே செங்குத்தாக ஓர் இரும்புப் படி. ஒரு கையில் பையும் மறு கையில் சேலைக் கொசுவமுமாக நான் நான்காவது கம்பியில் நின்று மூச்சு வாங்க, மேலே நின்று செல்வி சிரித்தாள். “என்ன மதினி, மலையேறுத ஆளுக்கு இது ஒரு ஏணியா?”

முழங்கால் மேல் பழியைப் போட்டேன். மத்தியானம் பொம்பில் மீன் குழம்பு வைத்திருந்தாள். வாயில் போட்டதும் கரைந்து காணாமல் போகிற ஒன்றை மீன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை முத்து என்னையும் செல்வியையும் கூடத்துக்குக் கூட்டிப்போனான். வாசலில் ஒரு பெரிய மேஜை. அதில் மலைத்தொடரின் சின்ன மாதிரி உருவம். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் மேற்கிலிருந்து மேகம் நகர்ந்து வந்து மலையில் முட்டி, மேற்குப் பக்கம் நிஜமாகவே மழை பெய்கிறது. கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. நான் எவ்வளவு வேகமாகச் சுற்றியும் எங்கள் பக்கம் நாலு சொட்டுதான் விழுந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்து விடுகிற பெருமூச்சுக்கு அன்றுதான் எனக்கு முழு விளக்கம் கிடைத்தது.

அடுத்து இழுப்பறைகள். ஒன்றைத் திறந்தால் ஏலக்காய்க் காட்டு வாசனை, இன்னொன்றில் யானை லத்தி. செல்வி இரண்டாவதைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் முத்துவைத் திட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மரப்பொந்தில் கையை விட்டால் உள்ளே இருவாச்சிப் பறவை முட்டையோடு அடைந்து கிடக்கும் கூட்டின் வெதுவெதுப்பு. தரையில் அட்டைகள் ஒளியாக நெளிந்து நம் காலைத் தேடி வரும். நின்றால் ஏறும், நடந்தால் விலகும். வெளிச்சம்தான் என்று தெரிந்தும் நான் குதித்துக் குதித்து நடந்தேன்.

கூடத்தின் நடுவே மலை. இரண்டு மாடி உயரம். சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. பாதையோடு ஒரு கைப்பிடிக் கம்பி. ஏற ஏறக் கம்பி சில்லிட்டுக்கொண்டே போகும், உயரத்தில் குளிர் கூடுவதைக் கையே தெரிந்துகொள்ளட்டும் என்று. மலைக்கு எதிரே ஒரு தொங்குபாலம். “மொதல்ல இங்கன நின்னு பாருக்கா. முழுசாத் தெரியும்” என்று முத்து என்னைப் பாலத்தில் நிறுத்தினான்.

முழுசாகத்தான் தெரிந்தது. மலையின் கிழக்கு முகத்தில் பதினைந்து அடிக்கு ஈரப் பாறை. கறுப்பும் பச்சையுமாக, வெடிப்பும் பாசியுமாக, அசல் பாறை. அதன் மேல் பகுதியில், ஆளுயர எழுத்தில் ‘உபயம்’ என்று இருந்தது. அதன் கீழே ‘பொன்னுத்துரை & சன்ஸ்’. அதற்கும் கீழே பெரணிக்குள் பாதி மறைந்து ‘பாத்திரக் கடை’.

அது நான் எடுத்து அனுப்பிய படம். ஈரப் பாறையைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லி அவன் கேட்டது ஐப்பசி மாதம். முழங்கால் வலியோடு குன்றின் முதல் திருப்பம் வரை போனேன். படிக்கட்டுத் திண்டில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த கல்லில் நல்ல பாசி. எடுத்து அனுப்பிவிட்டேன். அந்தக் காலத்தில் யாரோ வெட்டிய எழுத்து, தேய்ந்து, பாசி ஏறிக் கிடந்தது. கோயில் கல்லில் உபயம் இருப்பதை எங்கள் ஊரில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்? முத்துவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவன் அந்தப் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கட்டம் போட்டு, பீகார்ப் பையன்கள் கட்டம் கட்டமாக அச்சு எடுத்திருக்கிறார்கள். கிட்டத்தில் பார்த்தால் வெடிப்பு. தூரத்தில் நின்று பார்த்தால் பாத்திரக் கடை.

“எப்படிக்கா?” என்றான் முத்து. அவன் முகத்தைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு ரிசல்ட்டை எனக்குத் தபாலில் அனுப்பி எப்படி என்று கேட்டானே, அப்போதும் இதே முகமாகத்தான் இருந்திருக்கும்.

“அப்படியே நம்ம ஊர்ப் பாறைதாம்ல” என்றேன். பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கேவலமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவனை நேருக்கு நேர் பார்க்க முடியாமல், மாட்டுங்கா பார்த்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். முதலில் தாதரில் பூ மார்க்கெட். அங்கிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன் என்றாள் செல்வி. எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள். நான் ஏறிய வண்டி மாட்டுங்காவைப் பார்த்து ஒரு கும்பிடுகூடப் போடாமல் பாய்ந்து போனது. பெண்கள் பெட்டியில் ஆளுக்கு ஆள் “எங்கே இறங்குகிறாய்?” என்று என்னைக் கேட்டார்கள். அக்கறை என்று நினைத்து உருகினேன். நான் எழுந்தால் அந்த இடத்தைப் பிடிக்கத்தான் கேட்டார்கள் என்று பிறகு புரிந்தது. “மாட்டுங்கா” என்றேன். எதிரே இருந்த மராட்டிக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு, “அது போய்விட்டது தாயே. இனி குர்லாவில் இறங்கித் திரும்பி வா. மெதுவண்டியில் ஏறு” என்று சைகையோடு சொன்னாள்.

ஒருவழியாக மாட்டுங்கா திரும்பி, அங்கே கிங்ஸ் சர்க்கிளில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து ரச வடையும் காப்பியும் சாப்பிட்டேன். மேஜையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எதிரே ஒரு பாலக்காட்டு மாமா, பாங்கு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் எதென்று கேட்டார். சொன்னேன்.

“அடடா, மலையடிவாரமா! குடுத்து வச்சவா நீங்க. நினைச்சா ஏறிண்டுடலாம்” என்றார்.

“ஆமாம்” என்றேன். இப்படி ‘ஆமாம்’ போட்டுப் போட்டுத்தான் மலையேறியவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். காப்பி நன்றாக இருந்தது. இன்று சாயங்காலம் முத்துவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன்.

சாயங்காலம் பட்டறையில் பதினாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, மலையுச்சிக்குக் கடைசியாக வைக்க வேண்டிய புல்லைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முத்து எனக்கும் ஒரு கட்டு கொடுத்தான். நானும் உட்கார்ந்து கட்டினேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை நிபுணர்கள் வந்தார்கள். புனேயிலிருந்து ஒரு தாவரவியல்காரர், பெங்களூரிலிருந்து ஒரு பெண், அவர் பறவைகள் படிப்பு. கூட அருங்காட்சியகத்தின் தலைவி, எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாலத்தில் நின்று பாறையைப் பார்த்தார்கள். “இந்த வெடிப்புகள் ரொம்ப இயல்பு” என்றார் புனேக்காரர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

பிறகு உச்சிக்கு ஏறினார்கள். அங்கே புல்வெளி, மடிப்புகளில் மட்டும் குட்டை மரக்கூட்டம், எல்லா மரமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கிளையெல்லாம் தாடி வைத்த மாதிரி பாசி. பெங்களூர்ப் பெண் கீழே குரல் கொடுத்தார்: “முத்து, நீங்கள் இங்கெல்லாம் போயிருக்கிறீர்களா? காற்று சாய்த்த மரத்தை இவ்வளவு சரியாக நான் எந்த மியூசியத்திலும் பார்த்ததில்லை.”

“நான் இல்ல மேடம். என் அக்கா. போன்ல அவ சொல்லச் சொல்லச் செஞ்சேன்” என்றான் முத்து இந்தியில். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புனேக்காரர் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

மேடம் போகும்போது முத்துவின் தோளைத் தட்டி, திங்கட்கிழமை பனிமலை பற்றிப் பேசலாம் என்றார். முத்து அன்று பதினாலு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். நான் என் பங்கைப் பையன்கள் பக்கம் தள்ளிவிட்டேன். செல்வி, மும்பைத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்து தன் தெரு ஆட்களைக் கூட்டிப்போனான். திறப்பதற்கு முன்னால் பார்க்க மேடம் அனுமதி கொடுத்திருந்தார். அத்தனை பேரும் திருநெல்வேலிப் பக்கம். இட்லி விற்கிறவர்கள், தோல் பை தைக்கிறவர்கள், சீத்தா கேம்ப் என்ற இன்னொரு தமிழர் குடியிருப்பிலிருந்து செல்வியின் பெரியம்மா வேறு. மேகத்தைச் சுற்றிச் சிரித்தார்கள், அட்டையைப் பார்த்து அலறினார்கள். பிறகு பாலத்துக்கு வந்தார்கள்.

செல்வியின் பெரியம்மாதான் முதலில் நின்றாள். கண்ணைச் சுருக்கி மலையைப் பார்த்தாள். பாலத்திலிருந்து இறங்கி வந்து, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பின்னால் வந்தவர் கழற்றினார். அதற்குப் பின்னால் வந்தவர் ஏன் என்று கேட்கக்கூட இல்லை. ஐந்து நிமிஷத்தில் மலையடியில் முப்பது ஜோடிச் செருப்பு வரிசையாக இருந்தது. ஆந்தைக்காக வைத்த பொந்தில் யாரோ ஒரு முழம் மல்லிகையைச் சாத்திவிட்டு மேலே போனார்கள். காவலாளி ஓடி வந்தான். “இது மியூசியம் பாய், மந்திர் இல்லை! செருப்பை எடுங்கள்!” என்று மராட்டியிலும் இந்தியிலும் மாறி மாறிக் கத்தினான்.

முத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னத்துக்குப் பெரியம்மா செருப்பக் கழத்துனிய? கோந்து ஒட்டுதா?”

“உபயம்லாம் எழுதிப் போட்ருக்கு. முருகன் மலைக்குச் செருப்போட ஏறச் சொல்லுதியா?” என்றாள் அவள். “யாருடே அந்தப் பொன்னுத்துரை? நல்லாக் கட்டிக் குடுத்திருக்காரு.”

முத்து பாறையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கூட்டத்துக்கு நடுவில் வைத்துத்தான் சொல்ல வேண்டியதாயிற்று. வியாழக்கிழமையே படித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“மலை செய்யச் சொன்னாவ. நான் கோயில் படியச் செஞ்சு வச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னான். அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டான். மறைத்துவிடலாம், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். “படிக்கத் தெரிஞ்சவன் வருவாம்லா” என்றான்.

திங்கட்கிழமை காலை மேடம் வந்தார். பாலத்தில் நின்று, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். முத்து மொழிபெயர்த்தான். பாத்திரக் கடை வந்ததும் மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

“சொன்னதற்கு நன்றி முத்து. இதை அழித்துவிட்டு வெறும் பாறையாக்கி விடுங்கள். இந்தக் கூடத்தின் பராமரிப்பு எப்போதும் உங்களுடையதுதான்” என்றார். “பனிமலையை வேறு ஆட்களிடம் கொடுக்கிறேன். அவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து செய்கிறவர்கள். கோபப்படாதீர்கள்.”

முத்து தலையாட்டினான். என்னால் அவனுக்கு அது போனது. இதை எப்படித் திருப்பிப் போட்டு எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

மேடம் போனதும் கிரைண்டரை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினான். முதலில் ‘உ’ போயிற்று. கூடம் முழுக்க வெள்ளைத் தூசி. நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். பாத்திரக் கடை வரை அவன் வந்து மூச்சு வாங்க நிறுத்தியபோது, இதைச் சொல்லாமல் ஊருக்கு ரயில் ஏறினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“முத்து, இன்னொண்ணு இருக்குல.”

“இன்னும் எங்கன என்ன எழுதியிருக்கு?”

“எழுத்து இல்ல. உச்சி. அந்தப் புல்லு, சாஞ்ச மரம், காத்து, எல்லாம் போன்ல சொன்னேம்லா? நான் பாக்கல. காட்டிலாகா வாட்சர் ஒருத்தர் தபால் ஆபீசுக்கு வருவாரு. கவுன்டர்ல நின்னு சொல்லுவாரு. அவரு சொன்னதத்தான் உனக்குச் சொன்னேன்.”

“நீ மேல போனதே இல்லையா?”

“இல்ல.”

“ஒரு தடவகூட?”

“முருகன் குன்று மொதத் திருப்பம் வரைக்கும்தான்.”

கிரைண்டரைக் கீழே வைத்தான். “ஏங்க்கா?” என்றான்.

யாரும் தடுக்கவில்லை. ஆபீஸ், அத்தைக்கு முடியாமல் போனது, பிள்ளைகள், முழங்கால் என்று வரிசையாகச் சொல்லலாம். நிஜம் அது இல்லை. ஜன்னலைத் திறந்தால் தெரிகிறதே என்று இருந்துவிட்டேன். தினமும் பார்க்கிற ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

அவன் சாரத்தின் மேல் உட்கார்ந்து கையிலிருந்த தூசியைத் தட்டினான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. அப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது இப்படித்தான் நரைத்திருந்தார். பிறகு இறங்கி வந்து, என் முழங்காலை ஒரு தடவை பார்த்தான்.

“சரி. ஏறு” என்றான்.

“எதுல?”

“இதுலதான். வேற எதுல? செருப்பப் போட்டுக்கிட்டே ஏறு. இப்ப கோயில் இல்ல.”

ஏறினேன். இரண்டு மாடிதான் என்றாலும் என் முழங்காலுக்கு அது இரண்டு மாடி. கைப்பிடிக் கம்பி முதல் சுற்றில் சாதாரணமாக இருந்தது. இரண்டாவதில் குழாய்த் தண்ணீர் மாதிரி. மூன்றாவதில் விரல் மரத்தது. நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கீழே பார்த்தேன். முத்து சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து மீதியையும் ஏறினேன்.

உச்சிக்கு வந்தபோது அவன் பனிமூட்டத்தையும் காற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டான். நாங்கள் வெள்ளிக்கிழமை கட்டிய புல் ஒரே பக்கமாகப் படுத்தது. சேலைத் தலைப்பு பறந்து முகத்தில் அடித்தது. மூக்கு நுனி ஜில்லென்றது. மரங்களுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் மலையின் முதுகு திறந்து கிடந்தது. இரும்புச் சட்டம், வயர்கள், பீகார்ப் பையன்கள் காயப்போட்ட இரண்டு சட்டை. இந்தப் பக்கம் பனி.

“எப்படிக்கா இருக்கு மேல?” என்று கத்தினான் முத்து.

“குளுருதுல!” என்று கத்தினேன்.

எட்டு மாதத்தில், மலையைப் பற்றி நான் அவனுக்குப் போய்ப் பார்த்துச் சொன்ன ஒரே சேதி அதுதான்.